பாப்பாவோட கனடா சிட்டிசன்ஷிப் சர்டிபிகேட்டுக்கு 7 மாசமா வெயிட்டிங், ஊர்லயே மாட்டிக்கிட்டேன், யாராவது வழி சொல்லுங்க

அரசலாறு_அம்மு:

வணக்கம் எல்லாருக்கும். ரெண்டு வருஷமா இங்க எட்டிப் பாத்துட்டுப் போறதோட சரி, இன்னிக்குத்தான் மொதல் தடவ எழுதறேன். நீளமாப் போகும், பொறுத்துக்குங்க. பாப்பா தூங்குற நேரத்துல அடிக்கிறேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க.

நான் கனடா பிஆர் (நிரந்தரமா தங்குற உரிமை உள்ளவ, சிட்டிசன் இல்ல). வீட்டுக்காரரு 2024 அக்டோபர்ல உறுதிமொழி எடுத்து சிட்டிசன் ஆயிட்டாரு. ஸ்கார்பரோல வாடகை வீடு. 2025 மார்ச்ல, ஏழாம் மாசம் ஓடிட்டு இருக்கும்போதே ஊருக்கு வந்துட்டேன், கும்பகோணத்துலேருந்து குடவாசல் போற ரோட்டுல எறங்கி உள்ள போகணும். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான்னு ரெண்டு வீட்டுலயும் ஒரே பிடி. எனக்கும் உள்ளுக்குள்ள ஆசதான், பொய் சொல்லல. அங்க ஆஸ்பத்திரி செலவு கிடையாதுன்னாலும் மூணாம் நாள் பச்ச உடம்போட வீட்டுக்கு வந்து நானே சமைச்சு நானே புள்ளையக் குளிப்பாட்டி அவரு நைட் ஷிப்ட் போயிட்டா யாரு இருக்காங்கறத நெனச்சாலே அழுக வந்துச்சு. ஜூன்ல பொண்ணு பொறந்தா, மேட்டூர் தொறந்து கல்லணைக்குத் தண்ணி வந்த அதே வாரம். எங்கப்பா இன்னும் "ஆத்துத் தண்ணியோட வந்தவ"ன்னுதான் கூப்பிடுறாரு.

பர்த் சர்டிபிகேட்டுக்கே ஒரு அலைச்சல். மாசமா இருக்கும்போதே சுகாதாரத் துறையில பதிஞ்சு வாங்குற பிக்மி நம்பர் இல்லாம இங்க பொறப்புப் பதிவு நகராது, நான் மாசமானது அங்க, எனக்கு ஏது பிக்மி நம்பர். நல்லவேளை வந்த ரெண்டாம் வாரமே எங்க ஊர் நர்ஸம்மா வீட்டுக்கே வந்து பதிஞ்சு விட்டாங்க, இல்லன்னா அப்ப தெரிஞ்சிருக்கும். அப்புறம் பேர் வச்சு, பேரச் சேத்து வாங்கி, சிஐடி (CIT) 0001ங்கற சிட்டிசன்ஷிப் அத்தாட்சி பார்ம் நெரப்பி, 75 டாலர் ஆன்லைன்ல கட்டி, ரசீது பிரிண்ட் எடுத்து வச்சு, ஆகஸ்ட்ல பேப்பராவே கூரியர் பண்ணோம், நோவா ஸ்கோஷியால இருக்குற சிட்னிக்கு. சிட்னின்னதும் மாமனாரு பதறிட்டாரு, கனடா பேப்பர ஏம்மா ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புறன்னு.

அக்டோபர் கடைசில ஏஓஆர், அதாவது விண்ணப்பம் கெடச்சுதுங்கற மெயில் வந்துச்சு. அன்னிலேருந்து இன்னி வரைக்கும் ஸ்டேட்டஸ்ல ஒரே வார்த்ததான், பரிசீலனையில இருக்குன்னு. குறுவை அறுத்து சம்பாவும் அறுத்து இப்ப உளுந்து காய் புடிச்சாச்சு. பாப்பா தவழ ஆரம்பிச்சுட்டா. அவங்கப்பா அவளத் தூக்குனது பிரசவத்துக்கு வந்த அந்த மூணு வாரம் மட்டும்தான்.

கேட்க வேண்டியது மூணு இருக்கு. இவ்ளோ நாள் ஆகுறது சகஜமா, இல்ல எங்க பைல்ல ஏதாவது சிக்கலா? ரெண்டாவது, நாத்தனாரு வீட்டுக்காரரு சொல்றாரு, இங்கயே இந்தியன் பாஸ்போர்ட் எடுத்து விசிட்டர் விசா போட்டுத் தூக்கிட்டுப் போயிடு, மிச்சத்த அங்க போயிப் பாத்துக்கலாம்னு. பண்ணலாமா? மூணாவது கேக்கவே தொண்ட அடைக்குது. ஆபீஸ்ல லீவ நீட்டிக்கிட்டே போறேன், எப்ப வர்றன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பிஆர் நாள் கணக்கு வேற இருக்கு. பாப்பாவ அம்மாகிட்ட விட்டுட்டு நான் மட்டும் மொதல்ல போயிடவா? அம்மா "நான் பாத்துக்குறேன், போ"ங்கறாங்க. அவங்க அப்படிச் சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்கறது இல்ல.


பிராம்ப்டன்_பாபநாசம்:

தங்கச்சி, மொதல்ல ஒன்னு மனசுல வாங்கிக்க. உன் பொண்ணு கனடா சிட்டிசன் ஆகப்போறவ இல்ல, பொறந்த நிமிஷத்துலேருந்தே சிட்டிசன்தான். அப்பா 2024 அக்டோபர்ல சிட்டிசன், புள்ள 2025 ஜூன்ல பொறந்திருக்கு, முடிஞ்சது கத. சர்டிபிகேட்டுங்கறது அதுக்கு அத்தாட்சி மட்டும்தான், அவங்க புதுசா ஒன்னும் கொடுக்கப்போறது இல்ல. பைல் ரிஜெக்ட் ஆயிடுமோன்னு ராத்திரி முழிச்சுக் கெடக்க வேண்டாம்னுதான் இத மொதல்ல சொல்றேன்.

இதனாலேயேதான் விசிட்டர் விசா ஐடியா உதவாது. சொந்த நாட்டுக்காரனுக்கு எவன் விசா குடுப்பான்? விசா பார்ம்ல வேற குடியுரிமை இருக்கான்னு கேள்வி வரும், இல்லன்னு எழுதுனா பொய், இருக்குன்னு எழுதுனா பாஸ்போர்ட் எடுத்துட்டு வாம்பாங்க. இந்தப் பக்கமும் அதே கததான். அம்மா இந்தியக் குடிமகள்ங்கறதால இந்தியச் சட்டப்படி இங்க பொறந்த பாப்பாவுக்குப் பொறப்பால உரிமை இருக்கு, ஆனா இந்தியா ரெட்டக் குடியுரிமைய ஒத்துக்காது, பாஸ்போர்ட் அப்ளிகேஷன்ல வேற நாட்டுக் குடியுரிமை இல்லன்னு நீதான் கையெழுத்துப் போடணும். ஒரு பக்கம் கனடா சிட்டிசன்னு அத்தாட்சி கேட்டுட்டு இன்னொரு பக்கம் இல்லவே இல்லன்னு கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர் அட்டை) எடுக்கும்போது ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வச்சுக் கேப்பாங்க. நாத்தனாரு வீட்டுக்காரரு நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாரு, பந்தியில பக்கத்துல உக்காந்து சொல்ற யோசனை மாதிரி, கேட்டுட்டு எல எடுத்துடணும்.

நாள் ஆகுறதப் பத்தி. மாசக்கணக்குல ஆகுறது புதுசு இல்ல. இதுல 2025 செப்டம்பர் 25லேருந்து கனடா போஸ்ட் ஸ்ட்ரைக் வேற, பேப்பர நம்பி இருந்தவங்க எல்லாம் கையப் பெசஞ்சாங்க. அப்புறம் டிசம்பர் 15ஆம் தேதி புதுச் சட்டம் அமலுக்கு வந்துச்சு. வெளிநாட்டுல பொறந்தா மொதல் தலைமுறைக்கு மட்டும்தான் குடியுரிமைன்னு 2009 ஏப்ரல்லேருந்து ஒரு கட்டு போட்டு வச்சிருந்தாங்க, 2023 டிசம்பர்ல ஒண்டாரியோ கோர்ட்டு அது செல்லாதுன்னுச்சு, அத வச்சுத்தான் இப்ப மாத்துனாங்க. இப்ப தாத்தா பாட்டி காலத்துப் பேப்பரையெல்லாம் பரண்லேருந்து எறக்கி ஜனங்க அப்ளை பண்றாங்க, எல்லாம் அதே சிஐடி 0001 பார்ம்தான், அதே வரிசதான். உன் பாப்பா மொதல் தலைமுறை, அவளுக்கு இந்த மாத்தத்தால நட்டமும் இல்ல லாபமும் இல்ல. ஆனா அவளுக்கு நாளைக்குக் கனடாவுக்கு வெளியில புள்ள பொறந்து அதுக்கும் குடியுரிமை போகணும்னா, அதுக்கு முன்னாடி அவ 1095 நாள் கனடால இருந்திருக்கணும். பேத்தி தலைப்பிரசவமும் குடவாசல் ரோட்டுலதான்னு உங்கம்மா முடிவு பண்ணிட்டாங்கன்னா இப்பவே சொல்லி வை.

சீக்கிரம் பாக்கச் சொல்லி அவசர மனு போடலாம், அதுக்கு குடும்பத்துல சாவு, கடுமையான நோவு, வேலைக்கு அத்தாட்சி வேணும்ங்கற மாதிரி காரணமும் அதுக்குக் கடுதாசியும் வேணும். அப்பனுக்குப் புள்ளையத் தூக்கணும்னு ஏக்கம்ங்கறது அந்த லிஸ்ட்ல இல்ல. அதோட, சர்டிபிகேட் வர்றதுக்கு முன்னாடியே குழந்தைக்குக் குறைஞ்ச காலத்துக்கு மட்டும் செல்லுற பாஸ்போர்ட் ஒன்னு டெல்லியில இருக்குற கனடா ஹை கமிஷன் (தூதரகம்) மூலமா கேக்கலாம், அதுக்கு உன் வீட்டுக்காரர விட்டு மெயில் போடச் சொல்லு, சிட்டிசன் கேட்டா பதில் வர்ற விதமே வேற. பெங்களூரு பக்கம்தானேன்னு பஸ் ஏறிடாத, 2023 அக்டோபர்ல 41 தூதரக ஆளுங்களத் திருப்பி எடுத்தப்ப பெங்களூரு மும்பை சண்டிகர் மூணு எடத்துலயும் நேர்ல பாக்குறத நிறுத்துனாங்க. மெயில் போட்டு, வரச்சொல்லி பதில் வந்தாத்தான் கெளம்பணும்.

ஒரு கேள்வி. பர்த் சர்டிபிகேட்ல அப்பா பேரும், அவரோட கனடா சிட்டிசன்ஷிப் சர்டிபிகேட்ல இருக்குற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒன்னா?


வலங்கைமான்_வாத்தியார்:

நான் ரிட்டயர்டு ஆசிரியர். பேப்பர் விவகாரம் எனக்கு அவ்வளவாத் தெரியாது, மூணாவது கேள்விக்கு மட்டும் எழுதறேன்.

எங்க பொண்ணும் மாப்பிள்ளையும் இதே மாதிரி ஒரு சூழ்நிலையில, அது வேற நாடு, பேரனுக்கு ஒரு வயசு ஆகறதுக்கு முன்னாடி எங்ககிட்ட விட்டுட்டுப் போனாங்க. மூணு மாசம்னு சொன்னது 14 மாசம் ஆச்சு. நானும் எங்க வீட்டம்மாவும் சந்தோஷமாத்தான் வளத்தோம், அந்த 14 மாசம் எங்க வீட்டுல சர்க்கரை மாத்திரைய மறந்தாலும் மறப்போம் அவனுக்குப் பருப்புசாதம் பிசையுற நேரத்த மறந்தது கிடையாது. தெனம் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால். அவனுக்கு அம்மான்னா போன். போன் மணி அடிச்சா "அம்மா"ம்பான், கரண்ட் பில் மெசேஜ் வந்தாலும் "அம்மா"ம்பான், மத்த நேரம் பாட்டிதான். திருச்சி ஏர்போர்ட்டுக்கு அவள அழைக்கப் போனப்ப அவ ஓடி வந்து தூக்குனா, இவன் அவ மூஞ்சியப் பாக்காம அவ கையில இருந்த போனப் பாத்துச் சிரிச்சான். எம்பொண்ணு அங்கயே தரையில உக்காந்துட்டா.

இத பயமுறுத்தறதுக்குச் சொல்லலம்மா. நாலஞ்சு நாள் ஆச்சு, அப்புறம் அவ முந்தானைய விடவே இல்ல, இப்ப பள்ளிக்கூடம் போறான், எங்க பேரு கேட்டா யோசிச்சுத்தான் சொல்றான். புள்ளைங்க ஈடு கட்டிக்குவாங்க. ஈடு கட்ட முடியாம நின்னது எங்க வீட்டம்மாதான், அவன் போன அன்னிலேருந்து ரெண்டு மாசம் அந்த ஏணையக் கழட்ட விடல. உங்கம்மா "போ"ன்னு சொல்லும்போது மூஞ்சியப் பாக்கறது இல்லன்னு எழுதியிருக்கியே, அத மட்டும் இன்னொரு தடவ உக்காந்து யோசி. போறதா இருந்தா திரும்பி வந்து தூக்கிட்டுப் போற தேதிய டிக்கெட்டா போட்டுட்டுப் போ, "சர்டிபிகேட் வந்ததும்"னு சொல்லிட்டுப் போகாத.


கணக்குப்புள்ள_மன்னை:

பிஆர் நாள் கணக்கு வேற இருக்குன்னு சும்மா எழுதுனா எப்படிங்க, தேதி குடுங்க தேதி. பிஆரா அங்க போயி எறங்குன லேண்டிங் எப்ப, எப்ப கெளம்புனீங்க, நடுவுல எத்தன நாள் ஊருக்கு வந்தீங்க?


அரசலாறு_அம்மு:

2022 மார்ச் 10 லேண்டிங். 2025 மார்ச் 12 கெளம்புனேன். நடுவுல 2023ல தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தது 48 நாள்.

வாத்தியார் ஐயா, உங்க பதில அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். ஒன்னும் சொல்லல, எழுந்து போயி அடுப்படியில பாத்திரத்த உருட்டுனாங்க.

பாபநாசம் அண்ணே, பேரு விஷயத்துலதான் எனக்கே உறுத்துது. அவரு மொதல்ல படிக்கப் போனப்ப இந்தியன் பாஸ்போர்ட்ல அவங்கப்பா பேரையே சர்நேம்னு போட்டுட்டாங்க, அப்படியே பிஆர் கார்டு, சிட்டிசன்ஷிப் சர்டிபிகேட் எல்லாத்துலயும் அவரு பேரும் அவங்கப்பா பேரும் முழுசா இருக்கு. ஆனா பாப்பா பர்த் சர்டிபிகேட்ல அப்பா பேரு நம்ம ஊர் வழக்கப்படி இனிஷியலோட பேரு, அவ்ளோதான். ஆஸ்பத்திரி பார்ம்ல எங்கப்பாதான் எழுதுனாரு, அவருக்கு எல்லாரும் இனிஷியல்தான். விளக்கக் கடுதாசி எதுவும் வைக்கல. தப்பு பண்ணிட்டோமா?


கணக்குப்புள்ள_மன்னை:

ஆஹா, அழகான கணக்கு. மார்ச் 10 2022லேருந்து மார்ச் 12 2025 வரைக்கும் 1098 நாள் (2024 லீப் வருஷம், மறக்கப்படாது). 48ஐக் கழிச்சா 1050.

பிஆர் நெலைக்கு அஞ்சு வருஷத்துல 730 நாள் போதும். உங்க மொத அஞ்சு வருஷம் 2027 மார்ச் 10 வரைக்கும், அதுக்குள்ள கையில 1050 ஏற்கனவே இருக்கு. அதத் தாண்டுனாத்தான் பழைய நாள் ஒவ்வொன்னா பின்னாடி உதிர ஆரம்பிக்கும், அப்பவும் 320 நாள் உபரி இருக்கு, அதாவது 2028 ஜனவரி வரைக்கும் நீங்க கும்பகோணத்துலயே டிகிரி காப்பி குடிச்சுட்டு இருந்தாலும் 730க்குக் கீழ எறங்காது. பிஆர் போயிடும்னு பயந்துதான் புள்ளைய விட்டுட்டுப் போகணும்னு நெனச்சீங்கன்னா அந்தப் பயத்த இப்பவே அரசலாத்துல வுட்டுருங்க. கார்டு எப்ப காலாவதி ஆகுதுன்னு மட்டும் பாத்துக்குங்க, இங்க இருக்கும்போது கார்டு முடிஞ்சா பிளைட் ஏற தனியா ஒரு டிராவல் டாகுமெண்ட் வாங்கணும்.

உங்க சிட்டிசன்ஷிப்புக்கு 1095 வேணும். 45 நாள்தான் கொறயுது!! அதுவும் விண்ணப்பம் போடுற நாளுக்கு முந்துன அஞ்சு வருஷம்தான் கணக்கு. 2027 ஜனவரி 24க்குள்ள போயி எறங்கிட்டா ஒரு நாள்கூட உதிராம 45 நாள்ல தேறிடுவீங்க. அதுக்கப்புறம் போனா உதிர்றதுக்கு மேல சம்பாதிக்கணும்.

ஒன்னு கவனிங்க. சிட்டிசன் வீட்டுக்காரரோட வெளிநாட்டுல சேந்து இருந்தா அந்த நாள் பிஆர் கணக்குல சேரும், ஆனா சிட்டிசன் பொண்ணோட இருக்கேன்னு கணக்குல சேக்க முடியாது. புள்ள அப்பா அம்மா கூட இருந்தா புள்ளைக்குச் சேரும், அப்பா அம்மா புள்ள கூட இருந்தா சேராது. எவன் எழுதுன சட்டமோ, பிரசவத்துக்குத் தாய்வீடு போற ஊருல பொறக்காதவன்.

வேலை விஷயம் எனக்குத் தெரியாது, அது உங்களுக்கும் மேனேஜருக்கும்.


நன்னிலம்_நந்தினி:

அம்மு, உன் போஸ்ட் படிச்சுட்டுப் பொறாமைப்பட்டேன்னு சொன்னா கோச்சுக்காத. எங்க பையன் அவங்கப்பா உறுதிமொழி எடுக்கறதுக்கு 12 நாள் முன்னாடி இங்க திருவாரூர்ல பொறந்துட்டான். 12 நாள். டாக்டரு குடுத்த தேதிக்கு மூணு வாரம் முன்னாடியே அவசரம் அவனுக்கு. பொறக்கும்போது அப்பா வெறும் பிஆர், அதனால அவன் பொறப்பால சிட்டிசன் கிடையாது, இந்த சர்டிபிகேட்டே கேக்க முடியாது. இந்தியன் பாஸ்போர்ட் எடுத்து, மெடிக்கல் பண்ணி, ஸ்பான்சர் பண்ணி பிஆரா கூட்டிட்டுப் போயி அப்புறம் தனியா சிட்டிசன்ஷிப் போடணும். பேப்பர் ஓடிட்டு இருக்கு. நீ வரிசையில நிக்கற, வரிசை மெதுவா போகுது, ஆனா சரியான வரிசை.

இத இங்க போடறதுக்குக் காரணம், உறுதிமொழி தேதி கிட்டத்துல இருக்கும்போதே மாசமா இருக்குறவங்க யாராவது படிச்சா ரெண்டு தேதியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.


பிராம்ப்டன்_பாபநாசம்:

நந்தினிம்மா, 12 நாளா... என்னத்தச் சொல்றது.

அம்மு, நான் சந்தேகப்பட்டது இதுதான். தப்புன்னு சொல்ல மாட்டேன், நம்ம சனத்துக்கு இருக்குற பொதுவான வியாதி. நமக்கு குடும்பப் பேருன்னு ஒன்னு கெடையாது, அப்பன் பேரோட மொத எழுத்த முன்னாடி ஒட்டிக்கிட்டு நாலு தலைமுறையா ஓட்டிட்டோம், அவங்க பார்ம்ல சர்நேம் கட்டத்துல ஸ்டார் போட்டு வச்சிருக்கான். எங்க வீட்டுல நான், எம்பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, நாலு பேருக்கும் நாலு சர்நேம். பள்ளிக்கூடத்துல டீச்சரம்மா எங்கள ஒரே குடும்பம்னு நம்பறதுக்கே ஒரு வருஷம் ஆச்சு.

பைல் பாக்குற ஆளு என்ன நெனப்பான்? பர்த் சர்டிபிகேட்ல ஒரு ஆளு, சிட்டிசன்ஷிப் சர்டிபிகேட்ல இன்னொரு ஆளு. ரெண்டும் ஒரே ஆளுதானான்னு கேட்டு ஒரு கடுதாசி வரலாம். அது வர்ற வரைக்கும் கைய கட்டிட்டு உக்காராம நீங்களே முந்திக்குங்க. தமிழ்நாட்டுல பேரு வைக்கிற முறை இது, இனிஷியல்ங்கறது அப்பா பேரோட மொத எழுத்து, இன்ன பேரும் இன்ன பேரும் ஒரே ஆளுதான்னு உன் வீட்டுக்காரரு அங்க நோட்டரி முன்னாடி ஒரு அபிடவிட் எழுதி, கல்யாண சர்டிபிகேட், பழைய இந்தியன் பாஸ்போர்ட்டோட நகல் (சரண்டர் பண்றதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்து வச்சிருப்பாருன்னு நம்பறேன்), எல்லாத்தையும் கனடா இமிக்ரேஷன் வெப்சைட்ல இருக்குற வெப்ஃபார்ம் வழியா பைல் நம்பர் போட்டு ஏத்தச் சொல்லு. அப்படியே அவரு தொகுதி எம்பி ஆபீசுக்கு ஒரு நடை. ஸ்கார்பரோல எந்த எம்பி ஆபீசுக்குப் போனாலும் இமிக்ரேஷன் பைலு பாக்குறதுக்கு ஆளு வச்சிருப்பாங்க, சம்மதக் கையெழுத்து வாங்கிட்டு அவங்களே உள்ள கேட்டுச் சொல்லுவாங்க. காசு கிடையாது. நம்ம ஊர்ல எம்எல்ஏ சிபாரிசு மாதிரி இல்ல, வேகமா பண்ண வைக்க மாட்டாங்க, ஆனா எந்த எடத்துல நிக்குதுன்னாவது தெரியும்.

தடுப்பூசி அட்டைய பாப்பாவோட அடையாள ஆவணமா வச்சீங்களா? அது தமிழ்ல இருந்தா மொழிபெயர்ப்பு வச்சீங்களா?


அரசலாறு_அம்மு:

வச்சோம் அண்ணே. மொதல்ல நானே இங்கிலீஷ்ல எழுதி வச்சேன், அப்புறம்தான் சொந்தக்காரங்க மொழிபெயர்க்கக் கூடாதுன்னு படிச்சேன், கும்பகோணத்துல ஒருத்தருகிட்ட குடுத்து நோட்டரி அபிடவிட்டோட வாங்குனோம். அந்த ஒன்னையாவது சரியா பண்ணியிருக்கேன்.


டிகிரிகாப்பி_டொரண்டோ:

இந்த வழியில நாங்க போன வருஷம் நடந்து வந்தோம், ரெண்டு விஷயம் யாரும் சொல்லாததால சொல்றேன்.

ஆன்லைன்ல போடுற வழியும் இருக்கு, அதுல எலக்ட்ரானிக் சர்டிபிகேட் கேக்கலாம், பிடிஎஃப்பா எறக்கிக்கலாம். பேப்பர் சர்டிபிகேட்னா வெளிநாட்டு விலாசத்துக்கு அவங்க நேரா அனுப்பறது இல்ல, ஹை கமிஷன் வழியாத்தான் வரும், அதுக்கும் சேத்து நாள் வச்சுக்கணும். இப்ப பேப்பர்ல போட்டத ரத்து பண்ணிட்டு ஆன்லைன்ல திருப்பிப் போடறேன்னு மட்டும் கெளம்பிடாதீங்க, ஏழு மாசம் நின்ன எடத்த விட்டுட்டு வரிசைக் கடைசிக்குப் போன மாதிரி ஆயிடும். இனிமே போடறவங்களுக்குச் சொல்றேன்.

அடுத்தது, சர்டிபிகேட் வந்ததும் பிளைட் ஏறிடலாம்னு நெனச்சு டிக்கெட் போட்டுட்டோம் நாங்க, அது எங்க முட்டாள்தனம். சர்டிபிகேட் வந்தப்புறம் கனடா பாஸ்போர்ட்டு. பாஸ்போர்ட் வந்தப்புறம் இந்தியாவ விட்டு வெளிய போறதுக்கு எக்சிட் பர்மிட். புள்ள கையில கனடா பாஸ்போர்ட், அதுல இந்தியாவுக்குள்ள வந்த முத்திரையும் இல்ல விசாவும் இல்ல, ஏன்னா அது வரவே இல்ல, இங்கயே பொறந்தது. ஏர்போர்ட்ல இமிக்ரேஷன் கவுண்டர்ல கேப்பாங்க. இ-எஃப்ஆர்ஆர்ஓங்கற வெளிநாட்டுக்காரங்க பதிவு ஆபீஸ் வெப்சைட்லதான் அப்ளை பண்ணணும், பர்த் சர்டிபிகேட், அப்பா அம்மா பேப்பர், டிக்கெட் எல்லாம் ஏத்தி. அத வாங்கிட்டு டிக்கெட் தேதி வச்சுக்குங்க. பொங்கலுக்குப் பாப்பாவத் தூக்கிட்டு வரணும்னா அங்க போயி ஓசிஐ எடுத்துக்கலாம்.

போட்டோ! பாஸ்போர்ட் போட்டோ 50க்கு 70 மில்லிமீட்டர், நம்ம ஸ்டூடியோ பாஸ்போர்ட் சைஸ் 35க்கு 45. சிட்டிசன்ஷிப்புக்கு எடுத்த ஸ்டூடியோலயே எடுங்க, அவருக்கு இப்ப பழகியிருக்கும். பின்னாடி ஸ்டூடியோ பேரு விலாசம் எடுத்த தேதி வேணும். தவழுற புள்ளைய வெள்ளத் துணி மேல அசையாம வாய மூடிப் படுக்க வைக்கிறது எப்படின்னு கண்டுபுடிச்சா இங்க எழுதுங்க, நாங்க 40 ஷாட் எடுத்தோம்.

கேரண்டர், அதாவது இன்னார்தான்னு உறுதி சொல்ற ஆளோட கையெழுத்து ஒன்னு பாஸ்போர்ட்டுக்கு வேணும், அப்ளை பண்ற அப்பாவையோ அம்மாவையோ ரெண்டு வருஷமாவது தெரிஞ்ச ஆளா இருக்கணும். வெளிநாட்டுல இருந்து போடும்போது டாக்டர், மருந்தாளுநர், கால்நடை டாக்டர்னு ஒரு தொழில் லிஸ்ட் இருக்கு, அதுல ஒருத்தரு போதும். சர்டிபிகேட் வர்ற வரைக்கும் சும்மா இருக்காம இத இப்பவே பாத்து வைங்க.


அரசலாறு_அம்மு:

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடறேன். நாலு நாள் ஆயிடுச்சு பதில் போட, பாப்பாவுக்கு சளி.

அவரு அபிடவிட் எழுதி நோட்டரிகிட்ட வாங்கி நேத்து வெப்ஃபார்ம்ல ஏத்திட்டாரு. பழைய பாஸ்போர்ட் ஸ்கேன் அவரு மெயில்லயே இருந்துச்சு, 2016ல காலேஜுக்கு அனுப்புனது. எம்பி ஆபீஸ்ல வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. ஹை கமிஷனுக்கு அந்தக் குறைஞ்ச கால பாஸ்போர்ட் கேட்டு மெயில் போட்டாச்சு, பதில் வரல இன்னும். நாத்தனாரு வீட்டுக்காரருகிட்ட விசா முடியாதுன்னு சொன்னேன், அவரு "எனக்குத் தெரிஞ்ச ஏஜெண்ட் இருக்காரு"ங்கறாரு, விட்டுட்டேன்.

ஆபீஸுக்கு எழுதிட்டேன், ஆகஸ்ட் வரைக்கும் சம்பளம் இல்லாத லீவு கேட்டு. மன்னை கணக்குப்புள்ள போட்ட கணக்க வச்சுத்தான் எழுதவே தைரியம் வந்துச்சு, அதுவரைக்கும் பிஆர் போயிடும் போயிடும்னு எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன். குடுக்கலன்னா வேலைய விடறதா இல்லையான்னு அப்ப பாத்துக்கறேன். பாப்பாவ விட்டுட்டுப் போகல. அம்மாகிட்ட சொன்னப்ப "உன் இஷ்டம்"னாங்க, அன்னிக்கு ராத்திரி கோதுமை அல்வா கிண்டுனாங்க, ஒரு விசேஷமும் இல்லாம.

கேரண்டருக்கு ஆளு கெடச்சாச்சு. எங்க ஊருக்கு வர்ற கால்நடை டாக்டர், எனக்கு அஞ்சாங்கிளாஸ்லேருந்து தெரியும், எங்க பசுவுக்கு அவருதான் பிரசவம் பாத்தது. அப்பா போன் போட்டு "பாஸ்போர்ட் பேப்பர்ல ஒரு கையெழுத்து வேணும் டாக்டர்"னாரு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "எந்த மாட்டுக்குங்க?"ன்னாரு.